பாதி இறக்கிய ஷட்டர்

எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவர் மனைவிக்கும் வங்கிக்கும் மட்டும் தெரியும். மற்ற கடைகளில் இரண்டு தலை முடிகிற நேரத்தில் அவர் ஒரு தலையை முடிப்பார். "மாப்பிள்ளையா உள்ள போனா மாமனாராத்தான் வெளிய வரலாம்" என்று எதிர்க்கடையில் டீ போடுகிறவர் சொல்வார். அது காதில் விழுந்தாலும் நிதானம் கத்தரியை நிறுத்தமாட்டார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரு கோபம் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று தெருவில் யாரும் நினைக்கவுமில்லை.

கடை சின்னது. இரண்டு நாற்காலி. ஒன்று சுழலும், இன்னொன்று சுழல்வதாகச் சொல்லப்படும். சுவர் முழுக்கக் கண்ணாடி. ஓரத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, மேலே மின்விசிறி, கண்ணாடிக்குக் கீழே பலகையில் சீப்பு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், படிகாரக் கட்டி, பவுடர் டப்பா. ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் சீப்பு கிடைக்கும்.

இளம் வயதில் அவர் சில வருடம் வெளிநாட்டில் இருந்தார். தொழிலாளர்கள் தங்கும் முகாம் ஒன்றில் முடிவெட்டும் வேலை. விடுமுறை நாளில் அந்த ஊர்த் தெருக்களில் நடப்பார். அங்கே ஒரு வயதான முடிதிருத்துபவர் தோல்வாரில் கத்தி தீட்டுகிற விதம் அவருக்குப் பிடித்துப்போனது. பக்கத்தில் நின்று பார்க்க ஆசை. ஒருநாள் வாசற்படிக்கு வெளியே நின்று, தன் கண்ணையும் அந்தக் கத்தியையும் காட்டி, பார்க்கலாமா என்று சாடையில் கேட்டார். அந்தக் கிழவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இவர் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டு நடந்துவிட்டார். ஊர் திரும்பும்வரை அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாராம்.

"ஆசை இல்லாம இல்ல. ஆனா அது அவர் கடை, அவர் ஊரு. வேண்டாம்னுட்டார்ல, முடிஞ்சுது" என்று சொல்வார்.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் படிப்பு இல்லை. எங்கள் ஊரில் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வரட்டும், அது பார்ப்பதற்காகத்தான் நிற்கிறது. பிறகு கோட்டை அலுத்துவிட்டது போல, தெருவுக்குள் இறங்கினார்கள். துணி காயப்போடுகிறவளைப் படம் எடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனின் தட்டைப் படம் எடுத்தார்கள். வாசலில் பிள்ளையைக் குளிப்பாட்டினால் அதையும் எடுத்தார்கள். சொந்த ஊரில் பக்கத்து வீட்டு மணியை அடிக்கவே யோசிக்கிறவர்கள், இங்கே ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். கேட்டால் சிரிப்பார்கள். கும்பிடு போடுவார்கள். சிரித்துக் கும்பிட்டுக்கொண்டே இன்னொரு படம் எடுப்பார்கள்.

அவர்களை அழைத்துவந்தவன் வேறு யாருமில்லை, நிதானத்தின் மைத்துனன். மனைவிக்குத் தம்பி. கைடு வேலை பார்க்கிறான். நல்ல பேச்சுக்காரன், பிழைக்கத் தெரிந்தவன்.

முதல் தடவை அவன் ஒரு கூட்டத்தோடு சலூன் வாசலில் வந்து நின்றபோது நிதானம் ஒரு காரியம் செய்தார். அவருடைய தொழிலில் படி ஏறி வந்தவரை நிற்கவைக்கக் கூடாது. முடிவெட்ட வந்தாலும் சரி, பேப்பர் படிக்க வந்தாலும் சரி, முதல் வார்த்தை "உட்காருங்க" என்பதுதான். அதையே இவர்களுக்கும் சொன்னார். பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டார். மின்விசிறியைக் கூட்டிவைத்தார். நாற்காலியில் இருந்த ஆளிடம், "ஒரு நிமிஷம்ண்ணே, விருந்தாளி" என்றார். அவர்கள் உட்கார்ந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள்.

உட்கார வைத்தது மரியாதைக்கு. அவர்கள் அதை உரிமையாக எடுத்துக்கொண்டார்கள். மைத்துனன் அதற்கு மேலே போனான். அடுத்த வாரத்திலிருந்து தன் நடைப் பயணத்தில் சலூனையும் சேர்த்துக்கொண்டான். நிதானத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் வரும், கண்ணாடியைச் சுற்றி நிற்கும், நுரை பூசின முகங்களைப் படம் எடுக்கும். வழக்கமாக வந்து பேப்பர் படிக்கிறவர்கள் வருவதைக் குறைத்தார்கள்.

"முடிவெட்ட வந்தேனா, மிருகக்காட்சி சாலைக்கு வந்தேனான்னு தெரியல. கூண்டுக்கு எந்தப் பக்கம் நான் இருக்கேன்னும் தெரியல" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

நிதானம் அப்போதும் பொறுத்தார். மனைவியின் தம்பி, அவன் பிழைப்பு.

இனிப் பாதி ஷட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, வேலை நடக்கிறது, நீ வராதே என்று பொருள். தையல்காரி பெண்களுக்கு அளவு எடுக்கும்போது பாதி இறக்குவாள். மருந்துக் கடைக்காரர் சாப்பிடும்போது பாதி இறக்குவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பந்து உருண்டு உள்ளே போய்விட்டால்கூடப் பிள்ளைகள் வெளியே நின்று, "மாமா, பந்து" என்று கத்துவார்களே தவிர, குனிந்து நுழையமாட்டார்கள்.

நிதானம் ஒரே ஒருவருக்காகத்தான் ஷட்டரைப் பாதி இறக்குவார். அவர் மைக்காரர்.

மைக்காரர் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது புறப்படுகிறது என்று காலை முதல் இரவு வரை அவர் குரல்தான். அவர் சொல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாகவே ஊர்ப் பிள்ளைகள் நம்பினார்கள். அந்தத் தொண்டையில் நோய் வந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், குரலை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்கு அடியில், எலும்பு கூடுகிற இடத்தில், மூச்சு விடுவதற்கு ஒரு துளை வைத்தார்கள். அதன் மேல் எப்போதும் மெல்லிய துணி தொங்கும். துணிக்குப் பின்னால் இருப்பதை அவர் யாருக்கும் காட்டமாட்டார். கூடப் பிறந்த தங்கை கேட்டுக்கூடக் காட்டவில்லை. அதைப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள், அவர் மனைவி, நிதானம், அவ்வளவுதான்.

துளையைச் சுற்றி முடி வளரும். வளர்ந்து உள்ளே திரும்பினால் புண்ணாகும், சீழ் வைக்கும். அதனால் அடிக்கடி மழிக்க வேண்டும். தானே செய்துகொள்ளலாம் என்று பார்த்தார். கண்ணாடியில் துளையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மனைவி கத்தியைத் தொடவே பயந்தார். நிதானத்திடம் வந்தார்.

அந்த வேலைக்கு நிதானம் தனி முறை வைத்திருந்தார். மத்தியானம், தெரு ஓய்ந்திருக்கும் நேரம். ஷட்டர் பாதி. ஒரு துளி பவுடர்கூடப் பறக்கக் கூடாது என்று மின்விசிறி நிற்கும். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் தூரப் போகும். துளையின் வாயில் ஈரமான வலைத்துணியை மூச்சுக்கு இடம் விட்டு வைப்பார். விரலால் தோலை இழுத்துப் பிடித்து, துளையிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் கத்தியை நகர்த்துவார். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடைத் துடைப்பார். பேசமாட்டார். மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துணி இல்லாமல், கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் வெளியில் உட்காருகிற ஒரே இடம் அந்த நாற்காலிதான்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கத்தி துளைக்குப் பக்கத்தில் இருந்தது. ஷட்டருக்கு அடியில் மைத்துனனின் குரல் கேட்டது. பின்னாலேயே ஓர் ஆள் குனிந்து நுழைந்தார். நல்ல உயரம். தெருவில் அவருக்கு ஏற்கனவே கொக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். குனிந்த வாக்கிலேயே கேமராவைத் தூக்கினார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

மைக்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். கத்தி கிழித்தது. ரத்தம் துளைக்குள் இறங்கி, இருமல் வந்தது. குரல் இல்லாதவரின் இருமல் வாயால் வராது. கழுத்தால் வரும். சீறுகிற சத்தம், சளியும் ரத்தமும் தெறிக்கும். கண்ணாடியில் பட்டது. அவர் இரண்டு கையாலும் துளையை மறைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கொக்கு இன்னும் இரண்டு தடவை அழுத்தினார்.

நிதானம் மைக்காரரைக் குனியவைத்து, ரத்தத்தைத் துடைத்து, மூச்சு சீராகிறவரை முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்தார். கையில் கத்தி இருப்பதை மறந்துவிட்டார்.

"மாமா, கத்தி" என்றான் மைத்துனன்.

"ஷட்டர் பாதி இறக்கியிருக்கு. கண்ணு தெரியுதா உனக்கு?"

"அவங்களுக்கு அது தெரியாது மாமா. வெளிநாட்டுக்காரங்க."

"உனக்குத் தெரியும்ல? நீ இந்தத் தெருவுல மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சவன்தானே?"

"உள்ள ஸ்பெஷலா ஏதோ நடக்குதான்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது?"

"வீட்டுக்குப் போங்கன்னு சொல்லு. ஒரு மனுஷன் கழுத்தத் திறந்து உட்கார்ந்திருக்கான், அது ஸ்பெஷலா? தெரியலன்னா கேக்கணும். கேட்டு, வேண்டாம்னா போகணும். அவ்வளவுதான். இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?"

கொக்கு கையைக் கூப்பி ஏதோ சொன்னார். அழகான வெளிச்சம் என்று சொல்வதாக மைத்துனன் சொன்னான்.

அந்தப் படம் மறுநாள் இணையத்தில் மைத்துனன் வைத்திருக்கும் கைடு பக்கத்தில் வந்தது. அசல் தெரு, அசல் மனிதர்கள் என்று மேலே எழுதியிருந்தான். பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் போனைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். நல்லவர்கள்தான், அய்யோ பாவம் என்றுதான் சொன்னார்கள். மைக்காரருக்கு யாருடைய அய்யோ பாவமும் வேண்டியிருந்ததில்லை. அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார்.

நிதானம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"படத்த அழிக்கச் சொல்லு உன் தம்பிய."

"அவன் அழிச்சுட்டானாம்ங்க. ஆனா அந்த ஆளு தன்னோட பக்கத்துலயும் போட்டிருக்காராம். அது இவன் கையில இல்லையாம்."

"கூட்டிட்டு வர்றது மட்டும் இவன் கையில இருக்கா?"

"அவனுக்கும் குடும்பம் இருக்குங்க. இப்படியே எல்லாரையும் விரட்டினா..."

"நான் யாரையும் விரட்டல. வாசல்ல நின்னு கேளுன்னு சொல்றேன். இதுல உன் தம்பி குடும்பம் எங்க வந்துச்சு?"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார். பாத்திரங்கள் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

கொக்கு இன்னும் ஊரில்தான் இருந்தார். நிதானம் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போனார். வெளிநாட்டில் கற்ற அரைகுறை ஆங்கிலத்தில், படத்தை நீக்கிவிடும்படி கேட்டார். நல்ல படம், அவரை அவமானப்படுத்தவில்லை, பல பேர் மனம் உருகி எழுதியிருக்கிறார்கள் என்று கொக்கு பதில் சொன்னார். நிதானம் பேச்சை மாற்றி, கடைக்கு வாருங்கள், நானே ஷேவ் செய்கிறேன் என்று கூப்பிட்டார். கொக்குக்கு ஒரே சந்தோஷம்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நிதானம் துண்டு கட்டி, நுரை பூசி, ஒரு பக்கக் கன்னத்தை மழித்தார். அப்புறம் வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். முன்பே சொல்லிவைத்திருந்தார். டீக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், தையல்காரி, மருந்துக் கடைக்காரர் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாற்காலியைச் சுற்றி நின்று, கிட்டே கிட்டே வந்து, படம் எடுத்தார்கள்.

கொக்கு வாய் நிறையச் சிரித்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இவருக்கு உறைக்கலையே. இன்னும் கிட்ட வாங்கங்கறார்" என்றார் டீக்கடைக்காரர்.

"எனக்கே வெக்கமா இருக்கு. நான் போறேன்" என்றாள் தையல்காரி.

நிதானம் நினைத்தது நடக்கவில்லை. காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவரைப் பார்த்தால் அவருக்கு என்ன வலிக்கும்? அப்போதுதான் அவர் தன் தொழில் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். கத்தியை மூடினார். துண்டை அவிழ்த்தார். ஒரு கன்னம் மழுமழு, இன்னொரு கன்னத்தில் நுரை.

"முடிஞ்சுது, எந்திரிங்க" என்றார்.

கொக்கு கண்ணாடியைப் பார்த்தார். இன்னொரு பக்கத்தைக் காட்டினார். நிதானம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருவில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வழியில் போன ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் நின்று, காலை ஊன்றிக்கொண்டு, போனை எடுத்தார். அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. ஸ்கூட்டர்க்காரர் சிரித்தார். கொக்கு கையை உயர்த்தி நுரைக் கன்னத்தை மறைத்தார். வேண்டாம், எடுக்காதே என்றார்.

"ஏன்? நல்ல படம். அழகான வெளிச்சம்" என்றார் நிதானம், அவருடைய மொழியிலேயே.

கொக்கின் காது சிவந்தது. பையிலிருந்து போனை எடுத்து, நிதானம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, தன் பக்கத்திலிருந்து மைக்காரரின் படத்தை நீக்கினார். அன்று எடுத்த மற்ற இரண்டையும் நீக்கினார். நிதானம் மறுபடி துண்டு கட்டினார். மற்ற கன்னத்தை மற்ற எந்த முகத்துக்கும் செய்வதுபோலவே நிதானமாகச் செய்து, படிகாரம் தடவி, அனுப்பினார். அவர் நீட்டிய கையை மட்டும் குலுக்கவில்லை.

ஆனால் எத்தனை பேர் அதற்குள் அந்தப் படத்தைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பார்கள், எங்கெங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதை யாரும் நீக்க முடியாது. அதனால் அவருக்குக் கோபம் குறையவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு மைக்காரர் வீட்டுக்குப் போனார். பின்தெருவில் வீடு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மைக்காரரின் மனைவி கதவைப் பாதி திறந்தார்.

"அண்ணன் இருக்காரா அண்ணி?"

"இருக்கார். யாரையும் பாக்க மாட்டேங்கறார் தம்பி. உன்னையும்தான்."

"படத்த அழிக்க வச்சுட்டேன்னு சொல்லுங்க."

உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "தலைய ஆட்டிட்டார். வேணாமாம்."

"சரி அண்ணி" என்று நிதானம் திரும்பினார்.

"தம்பி, நில்லு. முடி வளந்து உள்ள மடியுது. ஓரமெல்லாம் செவந்துபோச்சு. நர்ஸ் கண்டபடி திட்டறா. நான் என்ன பண்றது?"

நிதானம் பெட்டியைக் கீழே வைத்தார். "நீங்க பண்ணுங்க."

"எனக்குக் கத்தியப் பாத்தாலே கை உதறும்."

"அண்ணன் கழுத்துல வேணாம். மொதல்ல என் கழுத்துல உதறுங்க."

"விளையாடறியா?"

"எனக்கு ஓட்ட இல்ல. வெட்டினாலும் ரத்தம் வெளியதான் போகும். வாங்க."

வீட்டு நடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, தலையைச் சாய்த்தார். தொண்டைக் குழியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். எத்தனையோ கழுத்துகளைப் பார்த்தவர் தன் கழுத்தை இன்னொருவர் கத்திக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. முகத்தில் வேர்த்தது.

"தோல இழுத்துப் பிடிங்க. இன்னும். வட்டத்துலேருந்து வெளிய வெளிய. அழுத்தாதீங்க, கத்தியே போகும்."

"வெட்டிட்டேன்."

"சின்னதுதான். தொடைங்க. திரும்பப் பண்ணுங்க."

"உனக்குக் கோவமே வராதா தம்பி?"

"வந்துக்கிட்டேதான் இருக்கு அண்ணி. அந்தப் பக்கம் சாய்க்கவா?"

இரண்டு இடத்தில் கிழித்த பிறகு கை பழகியது. அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதன் இடுக்கில் மைக்காரர் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெட்டியிலிருந்து புதுப் பிளேடையும் வலைத்துணியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "வெளிய நிக்கறேன், வேணும்னா கூப்பிடுங்க" என்று வெளியே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெளிச்சத்துக்காக ஜன்னல் கதவு ஒன்று திறந்தது.

அந்நேரம் தெருமுனையில் மைத்துனன் திரும்பினான். சலூனுக்குள் இனி விடமாட்டார் என்று தெரிந்ததால் நடைப் பயணத்தைப் பின்தெருவுக்கு மாற்றியிருந்தான். பின்னால் தொப்பிகள், கேமராக்கள். பழைய வீடு, பச்சை ஜன்னல், நல்ல வெயில். ஒரு பெண் கேமராவைத் தூக்கினாள்.

நிதானம் போய் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்.

"மாமா, கொஞ்சம் நகருங்க. வீட்டைத்தான் எடுக்கறாங்க."

"உள்ள ஆள் இருக்கு."

"தெருவுலேருந்துதானே எடுக்கறாங்க. தெரு எல்லாருக்கும் பொதுதானே?"

"அப்ப நானும் பொதுவா இங்க நிக்கறேன்."

அந்தப் பெண் ஒரு பக்கம் நகர்ந்தாள். நிதானமும் நகர்ந்தார். அவள் சிரித்தாள், கும்பிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் இரண்டு கோடாய் ரத்தம் காய்ந்திருந்தது, பேனா வட்டம் இன்னும் அழியவில்லை. அவள் கேமராவை மறுபடி தூக்கி, அவரையே குறி வைத்தாள்.

"எங்கிட்ட கேட்டியா?" என்றார் நிதானம்.

மைத்துனன் மொழிபெயர்க்கத் தயங்கினான். "சொல்லு" என்றார். அவன் சொன்னான். அவள் கேமராவைக் கொஞ்சம் இறக்கி, எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்."

அவள் மைத்துனனைப் பார்த்தாள். நிதானம் கையை விரித்து ஜன்னலின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், உள்ளே, கத்தியைத் துடைக்கிற சத்தம் கேட்டது. மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி துடைப்பு. அவசரம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. முடிகிறவரை அவர் நகரப்போவதில்லை.